நிறுத்தும் பொத்தான்

நர்ஸ் அப்பாவின் சட்டையை விலக்கியதுமே மகள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது பேட்டரி. அங்கிருந்து கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ஒயரில் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாதான் விடியும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எரிக்கப் போறீங்கன்னா இத எடுத்தாகணும்மா. சூட்டுல வெடிச்சிடும். மொதல்ல நீங்க ரிமோட்ல ஆஃப் பண்ணிடுங்க, டாக்டர் வந்து எடுத்துடுவார்."

ரிமோட் அவள் கைப்பையில்தான் இருந்தது. அதை அவள் யாரையும் தொடவிட்டதில்லை.

அப்பா சலூன் வைத்திருந்தவர். கை நடுக்கம் வந்த பிறகு, கழுத்தின் மேல் ஆசை உள்ள எவனும் கடைப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நடுக்கத்தை அடக்க மூளைக்குள் கம்பி வைத்த பிறகுதான் கத்தி மறுபடியும் அவர் கைக்கு அடங்கியது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்காக அந்த மின்சாரத்தை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் வலது கை கட்டில் கம்பியில் படபடவென்று அடித்தது. தாடை கிடுகிடுத்தது. "போட்டுடு பாப்பா, போட்டுடு" என்று கெஞ்சினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். என்ன ஆனாலும் அவள் அதை நிறுத்தக் கூடாது.

"நீங்களே பண்ணிடுங்களேன் சிஸ்டர்."

"எனக்கு இந்த ரிமோட் பழக்கமில்லம்மா."

பக்கத்தில் நின்ற அண்ணன் கையை நீட்டினான். "குடு, நான் பண்றேன்."

"வேணாம். நான்தான வாக்கு குடுத்தேன்."

"அவர் போயிட்டார்டி. இனிமே அவருக்கு என்ன தெரியப் போகுது?"

"கை ஆடுச்சுன்னா என்னண்ணா பண்றது?"

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன, பயம் போனால்தானே. ரிமோட்டை அப்பாவின் நெஞ்சில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினாள். ரிமோட்டில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது.

அதற்குப் பிறகுதான் தைரியம் வந்து கையைப் பார்த்தாள். விரல்கள் போர்வையின் மேல் பாதி மடங்கியபடி கிடந்தன. அவள் குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள்.

"ஆயிடுச்சாம்மா? டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்," என்றாள். "சில நேரம் லேட்டாத்தான் ஆரம்பிக்கும்."

அண்ணன் ஜன்னலை விட்டு வந்து, கட்டிலின் மறுபக்கம் நின்று, அவனும் அந்தக் கையையே பார்க்கத் தொடங்கினான்.