ஒரே தொட்டிப் பருத்திக்கொட்டை

டாக்டர் அனந்தராமன் நீட்டிய காகிதத்தை டோரீன் இரண்டு முறை படித்தாள். முதல் முறையே புரிந்துவிட்டது. ஒரு மனிதருக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் இரண்டாம் முறை. 'என் கவனக்குறைவால் ஈரத் தீவனம் போடப்பட்டு, பி கொட்டகையில் இரண்டு ஆடுகள் இறந்தன' என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து, கீழே அவள் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"போட்டுக் குடுத்துடுங்கோ டோரீன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். "வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பூனா கேம்ப்ல மீட்டிங். அந்த ஜோல்னாப் பைக்காரா நம்மளைக் கிழிகிழின்னு கிழிக்கப் போறா. நம்ம கையில ஒரு பதில் இருக்கணுமோல்லியோ?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பதினோரு வருஷமாக ஆடுகளோடு கிடப்பவள். அவள் தீவனத் தொட்டியில் ஒரு ஈரத் துரும்பை யாரும் பார்த்ததில்லை.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். மரபணு மாற்றிய பருத்தியைப் பற்றி நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கருத்து வைத்திருந்தார்கள், பருத்திச் செடியைக் கண்ணால் பார்க்காதவர்கள் இரண்டு கருத்து வைத்திருந்தார்கள். அந்தக் கொட்டையைத் தின்றால் ஆட்டுக்கு என்ன ஆகும் என்று பார்க்க ஒரு விதைக் கம்பெனி செலவு செய்தது. பூனாவில் போசரி பக்கத்தில் இருந்த அனந்தராமனின் ஆராய்ச்சிக்கூடம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இருபது கறுப்பு ஆடுகள். ஏ கொட்டகையில் பத்துக்குப் பழைய பருத்திக்கொட்டை, பி கொட்டகையில் பத்துக்குப் புதுக்கொட்டை. தொண்ணூறு நாள். கடைசியில், புதுக்கொட்டை தின்ற ஆடுகள் மூன்று புள்ளி ஏழு இரண்டு சதவீதம் கூடுதலாக எடை போட்டன என்று டாக்டர் கண்டுபிடித்தார். அந்தப் புள்ளி ஏழு இரண்டைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்கும் ஜெனிவாவுக்கும் போய் வந்தார்.

எதிர்க்கட்சிக்கு, அதாவது அந்தப் பருத்தியே கூடாது என்ற ஜோல்னாப் பைக்காரர்களுக்கு, எடை கண்ணில் படவில்லை. பி கொட்டகையில் செத்த இரண்டு ஆடுகள் மட்டுமே பட்டன. செத்த ஆட்டின் படம் போட்டு ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். படத்தில் இருந்தது வெள்ளைக் காது வைத்த செம்மறி. டோரீனுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் ஆடுகள் இரண்டும் மழைக்காலத்துச் சளியில் இருமி இருமிச் செத்தது போலத்தான் அவளுக்குத் தோன்றியது. அறுத்துப் பார்த்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். டாக்டர் அன்றைக்கு வேறு ஏதோ மாநாட்டுக்காக வெளியூரில் இருந்தார், அவர் அனுமதி இல்லாமல் அறுக்க ஆள் இல்லை. அதனால் புதைத்தார்கள்.

இப்போது அந்தச் சாவைத்தான் அவள் தலையில் கட்டப் பார்த்தார். தீவனம் ஈரமில்லாமல்தான் வந்தது என்று காட்ட ஒரே வழி, அதை அனுப்பியவரைக் கேட்பது. டோரீன் ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோர் சவரிமுத்துவின் ராஜ்யம். கட்கி ராணுவக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் சாமான் காத்துவிட்டு, ஓய்வு பெற்று, தாபோடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். பாளையங்கோட்டைக்காரர், டோரீனுடைய அப்பாவுக்கும் அதே ஊர். அதனால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"ஈரமா? நம்ம ஸ்டோர்லயா? எந்தப் பய சொன்னான்?" என்று எழுந்தே விட்டார். "இங்க வந்து பாரு பிள்ள. லாரி வந்த அன்னைக்கே இருபது மூட்டையையும் பிரிச்சு இந்தச் சிமெண்டுத் தொட்டியில கொட்டி, மேல தார்ப்பாயும் போட்டுட்டேம்லா. எலி வராது, ஈரம் ஏறாது."

டோரீன் தொட்டியைப் பார்த்தாள். ஒரே ஒரு தொட்டி.

"எல்லா மூட்டையையும் ஒண்ணாவா அண்ணாச்சி?"

"பின்ன? ஒரு சாமானுக்கு ஒரு இடம். பட்டாளத்துல முத நாளே சொல்லிக் குடுத்துருவான். ரெண்டு இடத்துல வச்சா ஆடிட்டர் சும்மா விடுவானா?"

"பழைய கொட்டை பத்து மூட்டை பச்சை நூல்ல தைச்சிருக்கும். புதுக்கொட்டை பத்து மூட்டை சிவப்பு நூல்ல."

"நூலு கலர எவன் பாப்பான்? பருத்திக்கொட்டைன்னு போட்டிருந்துச்சு, பருத்திக்கொட்டைன்னு வச்சேன். நீ ஏ கொட்டகைக்கு இருபது கிலோ, பி கொட்டகைக்கு இருபது கிலோன்னு சீட்டு அனுப்புவேல்லா? ஒரு கிராம் கூடாம குறையாம அளந்து அனுப்பினேன். ஏன் பிள்ள, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?"

தொண்ணூறு நாளும் இருபது ஆடுகளும் ஒரே தொட்டிக் கலவையைத்தான் தின்றிருக்கின்றன. பழையது புதியது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆராய்ச்சித் திட்டம் அறுபது பக்கம், டெல்லிக்கு ஏழு பிரதி போயிற்று. ஸ்டோர்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல எவனுக்கும் தோன்றவில்லை. மெத்தப் படித்தவர்கள் ஸ்டோர்காரரோடு பேசுவார்களா என்ன? சவரிமுத்துவுக்கு விஷயத்தை விளக்கியபோது, அவர் தார்ப்பாயை இழுத்துத் தொட்டியை மூடினார்.

"நான் செஞ்சதுதான். எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லு. நான் வந்து கையெழுத்துப் போடுதேன்" என்றார். அந்தக் கட்டடத்தில் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

டாக்டரிடம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்பதுதான்.

"ரெண்டு கொட்டகையும் ஒண்ணையே தின்னிருக்கு சார். அப்போ அந்த மூணு புள்ளி ஏழு ரெண்டு?"

"கணக்கு கரெக்டாத்தானே இருக்கு? நானே ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. "ஸ்டோர், தொட்டின்னு உளறிண்டிருக்காதீங்கோ. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடற வழியைப் பாருங்கோ."

சரி, எதிர்க்கட்சியாவது கேட்கும் என்று கேஷவுக்குப் போன் செய்தாள். துண்டுப் பிரசுரம் போட்டவன் அவன்தான். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த, ஒரு தமிழ் பாங்க் ஆபீசரின் பிள்ளை, கதர் குர்த்தாவும் தாடியுமாக உழவர்களுக்காகப் போராடுகிறவன். டாக்டரின் ஆராய்ச்சி வெறும் காற்று என்று தெரிந்தால் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் துள்ளவில்லை.

"அப்போ நம்ம டெத்ஸ் ரெண்டும்?" என்றான்.

"உங்க டெத்ஸ் இல்லப்பா. என் ஆடு."

"இல்ல ஆன்ட்டி, ரெண்டு சைடும் சேம் ஃபீட்னா, அந்த டெத் எதுக்கும் யூஸ் ஆகாதுல்ல? லீஃப்லெட் பத்தாயிரம் அடிச்சாச்சு. சாரி, என் தமிழ் கொஞ்சம் வீக். நீங்க இப்ப இதைச் சொன்னா மூவ்மென்ட்டுக்கு நுக்சான், நஷ்டம் ஆகும்."

டோரீன் போனை வைத்தாள். ஒருவனுக்குப் புள்ளி விவரம் வேண்டும், இன்னொருவனுக்குப் பிணம் வேண்டும். இரண்டு பேருக்கும் ஆடு வேண்டாம். த்தூ என்று வந்தது அவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை கேம்பில், சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். கம்பெனிக்காரர்கள் ஒரு ஜீப் நிறைய விவசாயிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள், கேஷவ் ஆட்கள் இன்னொரு ஜீப் கொண்டுவந்தார்கள். அந்த விவசாயிகளின் வெள்ளைக் குல்லாய்கள் படம் எடுக்க வாகாக முன் வரிசையில் உட்கார வைக்கப்பட்டன. மேடையில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கீரியும் பாம்புமாகச் சண்டை நடந்தது. குல்லாய்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் யாரும் இல்லை.

கேள்வி நேரம் வந்ததும் டோரீன் எழுந்து மைக்கைப் பிடித்தாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் சொன்னாள். இரண்டு வகை மூட்டையும் ஒரே தொட்டியில் போனதையும், இருபது ஆடும் ஒரே தீனி தின்றதையும் சொன்னாள். தன் தொட்டியில் ஈரம் இருந்ததே இல்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

பிறகு அனந்தராமன் எழுந்தார். "இந்த அம்மா கொட்டகை கூட்டுகிறவர். ஆராய்ச்சி முறை பற்றிப் பேச இவருக்குத் தகுதி கிடையாது." உடனே கேஷவ் எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக டாக்டர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் என்றான். கைதட்டல் விழுந்தது. தலைவர் அம்மையாரின் மேலான கருத்துக்கு நன்றி தெரிவித்து, டீ இடைவேளை அறிவித்தார்.

"திங்கட்கிழமை வர வேண்டாம்" என்று டாக்டர் அவளைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னார். டோரீன் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, கையெழுத்துப் போடாமலே, அவர் டீ கப்பின் பக்கத்தில் வைத்தாள். பேர் கெடாமல் வெளியே போகிறோம் என்று ஒரு திருப்தி இருந்தது. அவர் கேஷவிடம் பிஸ்கெட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு குல்லாய்க்காரன் அவளை நிறுத்தினான். அகமதுநகர் பக்கத்து ஆள், அவள் வயதுதான் இருக்கும். மராத்தியில் கேட்டான்.

"அக்கா, நீங்கதானே ஆட்டைப் பார்த்துக்கிட்டவங்க? எங்கிட்ட ஏழு ஆடு இருக்கு. போன வருஷத்துலேருந்து அந்தப் புதுக்கொட்டையைத்தான் தின்னுது. ரெண்டு சினை. குடுக்கலாமா, நிறுத்திடணுமா?"

டோரீனுக்கு அவனிடம் மழுப்பத் தோன்றவில்லை.

"தெரியலைப்பா. நாங்க யாருமே சரியாப் பார்க்கலை."

"மறுபடி பார்ப்பீங்களா?"

இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை. ஸ்டோரிலும் போனிலும் மைக்கிலும் பத்து நாளாக அவள் போராடியது தன் தீவனத் தொட்டியின் மானத்துக்காக. புதுக்கொட்டையைத் தின்கிற ஆடு வேறு எங்கோ இருக்கிறது, அதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று ஒரு தடவையாவது நினைத்தாளா? உள்ளே பிஸ்கெட் தின்கிறவர்களைத் திட்டிய வாயால் இப்போது தன்னையும் திட்டிக்கொண்டாள். அவன் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியது.

"வேற கொட்டை வாங்கிப் போடேன், அதுவரைக்கும்" என்றாள்.

"பழைய கொட்டை இப்ப எங்க பக்கம் கிடைக்கிறதே இல்லக்கா" என்றான் அவன், கோபமில்லாமல். ஜீப்காரன் ஹாரன் அடித்தான். "சாயங்காலம் போய்த் தீனி வைக்கணும். வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.