வெல்மாவின் ஒரு வரி

படத்தில் வாயைத் திறந்து ஒரே ஒரு வரி பேசிவிட்டால் போதும், கூட்டத்தில் நிற்கிறவள் நடிகை ஆகிவிடுவாள். நடிகர் சங்க அட்டை கிடைக்கும். ஹாலிவுட்டில் அதுதான் சட்டம். வெல்மா ஒன்பது வருஷமாகத் தலையில் இறகுக் கிரீடத்தைச் சுமந்துகொண்டு வாயை மூடி நின்றவள். இன்றைக்குத்தான் அந்த வரி கிடைத்திருந்தது.

"இளவரசே, உங்க கையுறை."

காட்சிப்படி, நாடகக் கொட்டகைக்கு வரும் இளவரசன் ஆட்டக்காரியைக் கண்டு சொக்கிப்போய்க் கையுறையைத் தவறவிடுவான். பின்வரிசையில் ஆடுகிறவள் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வெல்மா ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இளவரசன் வேஷம் போட்ட ஹாலரன்தான் சொதப்பினான். ஒரு தடவை கையுறையைப் போட மறந்தான். ஒரு தடவை நாயகியின் பெயரை மாற்றிச் சொன்னான். விளக்குச் சூட்டில் கிரீடத்துக்குள் வேர்த்து அரித்தது. சொறிய முடியாது.

"ராஜ வம்சத்துக்கு மூளை கம்மிதான்டி," என்றாள் பக்கத்தில் நின்ற பெர்னிஸ்.

"சும்மா இரு. என் வரி மறந்துடப்போகுது."

சாப்பாட்டு வேளைக்கு அப்புறமும் அதே கதை. கடைசியில் ஹாலரன் டைரக்டரிடம் போய், "அந்தப் பொண்ணு பேசினா எனக்கு வசனம் மறந்துபோகுது," என்றான்.

டைரக்டர் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ பேச வேணாம்மா. கொடுத்துட்டுச் சிரி, போதும்."

"சார், காலையில நீங்கதானே..."

"காலையில சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

கேமரா ஓடியது. கையுறை விழுந்தது. வெல்மா எடுத்தாள், நீட்டினாள், சிரித்தாள். விரல்கள் மட்டும் விடவில்லை. ஹாலரன் இழுத்தான். அவள் சிரித்தபடியே இறுக்கிப் பிடித்தாள். அவன் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுக்க, அவள் பிடி நழுவியது. பதக்கமெல்லாம் குலுங்க இளவரசன் தரையில் உட்கார்ந்தான்.

வேலை போச்சு என்று நினைத்தாள். ஆனால் விளக்குக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டைரக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொத்தப் படத்துலயும் இந்த மாதிரி ஒரு சிரிப்பு இல்ல. இதை வெச்சுக்கலாம்."

"அப்போ என் வரி, சார்?"

"அது எதுக்கு? பேசினா கெட்டுப்போகும். கேமராவைக் கிட்ட வெச்சு இன்னொரு தடவை எடுப்போம். இதே மாதிரி பிடிக்கணும், என்ன?"

பெர்னிஸ் அவள் கிரீடத்தை நேராக்கிவிட்டாள். "மறுபடியும் அவ்வளவு கோவம் வருமாடி?"

"வராம எங்க போகும்?" என்றாள் வெல்மா.