கருமாதி மிளகாய்

உயிரோடிருந்த குந்தவைக்கு அவளுடைய அப்பா துரைராசு போட்ட கருமாதிச் சோற்றைத் தின்றவர்கள் எல்லோருக்கும், அடுத்த தை மாதத்திலிருந்து கண்ணில் நீர் நிற்கவில்லை. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பஸ் நேரம் மாறியதைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

குந்தவை புரட்டாசியில் தஞ்சாவூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பரிதி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்து மாட்டு டாக்டரானவன். துரைராசின் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, கையை உள்ளே விட்டுத் திருப்பி இரண்டு உயிரையும் காப்பாற்றியவன் அவன்தான். அன்றைக்கு அவனுக்குக் கொல்லைப்புறத்தில் வைத்து, பேப்பர் கப்பில் காப்பி கொடுத்தார்கள். அந்தப் பசுவின் பாலைத் தினமும் குடித்துவந்த துரைராசு, கல்யாணச் செய்தி வந்ததும் ஜெக்கரியாவின் கடையில் ஒரு பிளெக்ஸ் அடிக்கச் சொன்னார். பட்டமளிப்பு விழாவில் குந்தவை சிரித்துக்கொண்டிருந்த படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே பங்காளிகள் பெயர்கள். அதைக் கடைத்தெருவில் கட்டினார்கள். பிறகு அவர் மொட்டையடித்துக்கொண்டு, பந்தல் போட்டு, வடை பாயசத்தோடு ஊருக்குச் சோறு போட்டார்.

குந்தவையின் அம்மா மங்களாம்பிகை பரிமாற வரவில்லை. அடுப்படியில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“செத்தது யாருங்க?”

துரைராசு சாம்பார் வாளியை அவள் காலடியில் வீசினார். கால் வெந்துபோனது. கொப்புளம் ஆறுவதற்குள் அவள் நொண்டிக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய், பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அரிவாளால் பிளெக்ஸை அறுத்து எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

விருந்துக்கு வாங்கிய காய்ந்த மிளகாய் கொஞ்சம் சாக்கின் அடியில் மிச்சமிருந்தது. அதைக் கிள்ளி விதையை உதறினாள். கையெல்லாம் எரிந்தது, கழுவவில்லை. விதையைப் புளித்த மோரில் ஊறவைத்து, மிதந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் புரட்டினாள். பந்தியில் மீந்த பாக்குமட்டைத் தட்டுகளில் மணலும் மக்கிய சாணமும் நிரப்பித் தூவினாள். ஐப்பசி மழை நாற்றை அடித்துவிடாமல் மேலே அந்தப் பிளெக்ஸைக் கூரையாகக் கட்டினாள். நாற்று நாலைந்து இலை விட்டதும், அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளிகளுக்கு மாற்றி நட்டாள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் பிளெக்ஸில் இருந்த பங்காளிகளின் பெயர்களை வாய்விட்டுப் படித்தாள் என்கிறார்கள் பக்கத்து வீட்டார்.

முதல் காய் பழுத்த காலையில் பங்காளிகள் உட்பட அந்தச் சோற்றைத் தின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண் எரிந்தது. துக்கமில்லை, மிளகாய் வறுக்கும் நெடி, அவ்வளவுதான். ஆனால் அது அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போனது. சம்பா அறுவடையில் மிஷின் ஓட்டியவன் வரப்பு தெரியாமல் வாய்க்காலில் இறக்கிவிட்டான். காதுகுத்துப் போட்டோக்களில் தாய்மாமன்கள் விம்மிக்கொண்டு நின்றார்கள். தஞ்சாவூர்க் கண் டாக்டர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். விருந்தில் சாப்பிடாமல் பிளெக்ஸ் மட்டும் அடித்துக்கொடுத்த ஜெக்கரியாவுக்கு ஒரு கண்ணில் மட்டும் வடிந்தது. துரைராசுக்கு மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை. ஏனென்று யாருக்கும் தெரியாது. அதுதான் பங்காளிகளை அதிகம் கோபப்படுத்தியது.

எல்லாம் அந்த மிளகாய்ச் செடிகளால்தான் என்று அவர்கள் நெருக்கவே அவர் மண்வெட்டியோடு போய்ச் செடிகளை வெட்டிச் சாய்த்தார். மறுநாள் விடிந்தபோது வாளிகளில் அதே உயரத்துக்குச் செடிகள், இன்னும் அதிகப் பழங்களோடு நின்றன. கடைசியில் துரைராசின் சித்தப்பா மகன் வைரக்கண்ணு, துண்டால் முகத்தை ஒற்றியபடி மங்களாம்பிகையிடம் வந்தார்.

“அண்ணி, நீங்களே புடுங்கிடுங்க. எங்களால முடியல.”

“செத்தவ வந்து சொல்லட்டும்,” என்றாள் அவள். “புடுங்கிடுறேன்.”

ஆகவே கருமாதிச் சோறு தின்றவர்கள் வேன் பிடித்துத் தஞ்சாவூர் போய், கருமாதி செய்யப்பட்டவளின் வாசலில் வரிசையாக நின்றார்கள். பரிதி எல்லோருக்கும் நாற்காலி போட்டு, எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொடுத்தான். வேறு வழியில்லாமல் குடித்தார்கள். குந்தவை அதே வேனில் ஏறி வந்தாள். துரைராசு கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார். அவள் அம்மாவின் காலில் இருந்த வெந்த தழும்பைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து செடிகளைப் பார்த்தாள். ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தாள். அவளுக்கு அது சாதாரணக் காரம்தான்.

“புடுங்க வேணாம்மா. எனக்குக் கொஞ்சம் வெத எடுத்துக் குடு. பைய எடு, போவலாம்.”

வைரக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார். குந்தவை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மங்களாம்பிகை இப்போது தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மாடியில் மிளகாய்ச் செடிகள் வைத்திருக்கிறாள். கேட்டு வரும் பெண்களுக்கு விதையைப் பேப்பரில் மடித்துக் கொடுக்கிறாள், எதற்கு என்று கேட்பதில்லை. ஊரில் நின்ற செடிகள் பிடுங்கப்படவில்லை. இலை வாடினால் கண் எரிச்சல் இரட்டிக்கிறது என்பதைப் பங்காளிகள் முதல் கோடையிலேயே கண்டுகொண்டார்கள். துரைராசு காலையிலும் சாயங்காலமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு வாளிச் செடிக்கும் ஊற்றுகிறார். ஊற்றுகிறாரா என்று யாராவது ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டே, பார்த்துவிட்டுப் போகிறார்.