மூன்றாவது ஜன்னல்

லப்பைக்குடிக்காட்டில் ஜரீனா அக்கா வீட்டு முன்னறையில் என்னை உட்கார வைத்தார்கள். கூடத்துக்கும் எனக்கும் நடுவே கனத்த திரைச்சீலை. நான் சரிசெய்ய வந்த கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் இருந்தது. அக்காவின் கணவர் ஷஃபியுல்லா பாய் துபாயில் இறந்து ஏழு வாரம் ஆகிறது. அக்கா இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். என்னைப் போன்ற அந்நிய ஆண் முன்னாலும் வரமாட்டார்.

பாயின் சாமான்களோடு வந்த மெமரி கார்டில் ஆறு நிமிட வீடியோ ஒன்று இருந்தது.

"சத்தம் நல்லா வருது தம்பி. படந்தான் நின்னு நின்னு போவுது," என்றார் அக்கா உள்ளிருந்து. "'மூணாவது ஜன்னலப் பாரு, அதான் என் ரூமு'ங்கறாரு. படம் அவரு செருப்புலயே நிக்குது. பத்தொம்பது வருஷம் இருந்த எடம். நான் பார்த்ததே இல்ல."

"போன்ல பார்க்கலியாக்கா?"

"அஃப்ஷான் போன்ல பார்த்தேன். எல்லாம் எறும்பாட்டம் தெரியுது. இவளும் தோள்ல தாடைய வச்சுக்கிட்டுப் பாக்குறா."

"எங்கண்ணன நான் பார்க்கக் கூடாதா மதினி?" என்றது நாத்தனார் அஃப்ஷானின் குரல்.

"கார்டைக் குடுங்க, பெரம்பலூர்ல என் கடையில இதுல ஓடற மாதிரி மாத்திட்டு வந்துடறேன்."

"அது வெளிய போவ வேணாம். எனக்குன்னு பேசியிருக்காரு."

"புதுக் கம்ப்யூட்டர் பெட்டி அனுப்பட்டுமா?"

"இத்தா முடியற வரைக்கும் புதுசா எதுவும் வூட்டுக்குள்ள வேணாம்னு மாமி சொல்லிட்டாங்க."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டியை டிவியோடு இணைத்துக் கொடுத்தவன் நான்தான். 'எதைப் போட்டாலும் ஓடும் பாய்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

வீடியோ என்பது முழுப் படங்களின் அடுக்கு இல்லை. ஒரு படத்தை முழுசாக வைத்துவிட்டு, அடுத்ததில் எது நகர்ந்தது என்ற குறிப்பை மட்டும் எழுதியிருப்பார்கள். அதைப் படித்து நொடிக்கு முப்பது படம் வரைய வேண்டும். இப்போதைய போன்கள் அந்தக் குறிப்பை இன்னும் நெருக்கி எழுதுகின்றன. படமும் நான்கு மடங்கு பெரிது. புதுக் கம்ப்யூட்டர்களில் அதைப் படிக்கவென்றே சிப்புக்குள் தனிப் பகுதி உண்டு. இதில் கிடையாது. எல்லா வேலையையும் செய்யும் ஒரே மூளை இதையும் செய்து திணறுகிறது. டிவியும் பழசு என்பதால், பாடுபட்டு வரைந்த புள்ளிகளில் முக்கால் பங்கை அது காட்டப் போவதுமில்லை.

"அப்ப பார்க்கவே முடியாதா தம்பி?"

"ஓட ஓட வரையத்தான் முடியாதுக்கா. அவசரப்படுத்தாம விட்டா, நிதானமா ஒவ்வொண்ணா வரைஞ்சு சின்னப் படமா எழுதி வச்சிரும். அப்புறம் ஓட்டிக்கலாம்."

மாற்றும் மென்பொருள் இருந்த பென்டிரைவை அஃப்ஷான் கையில் கொடுத்தேன். எதை அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல, அக்கா அழுத்தி, ஓடும் எண்ணை வாசித்தார். முப்பது சதவீதம். முப்பத்தைந்து. நாற்பத்தொன்றில் பெட்டி அணைந்தது.

"போச்சு," என்றார் அக்கா.

"பெட்டி எங்க இருக்கு?"

"ஷோகேஸ்லதான். தூசி படாம உறை போட்டு, கண்ணாடிக் கதவச் சாத்தி வச்சிருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. "உள்ள இருக்கிற காத்தாடி சூட்டைப் பின்னால தள்ளுது. போக வழியில்லாம அதே காத்து திரும்பி வருது. அதையே இழுத்து இழுத்துச் சூடேறி, கருகிடக் கூடாதுன்னு தானா அணைஞ்சுடுதுக்கா."

"அடைச்சு வச்சா யாருக்கும் அப்படித்தான்," என்றார்.

கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது. பெட்டியை மேசைமேல் வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பச் சொன்னேன். மறுபடி ஒன்றிலிருந்து. அஃப்ஷான் இரண்டு தடவை டீ கொடுத்தாள். நாற்பத்தொன்று வந்தது. அது தாண்டியது.

நூறு ஆனதும், "அஃப்ஷான், நீ செத்த அடுப்படிக்குப் போ," என்றார் அக்கா. நானும் செருப்பை மாட்டப் போனேன்.

"தம்பி, நீங்க இருங்க. மறுபடி நின்னுட்டா?"

பாயின் குரல் கேட்டது. சத்தத்தைக் குறைத்தார். குறைத்தும் அந்த ஒரு வரி கேட்டது: மூணாவது ஜன்னல்.

"நிக்காம ஓடுதாக்கா?"

"ஓடுது தம்பி. ஜன்னல்ல என் சேலை," என்றார். "எடுத்துட்டுப் போனது தெரியும். எதுக்குன்னு கேட்டதுக்குச் சொல்லவே இல்ல. திரையாக் கட்டியிருக்காரு."

பாயின் குரல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இதே எடத்துல படத்த நிறுத்தறது எப்படி?"

"கீபோர்டுல கீழ இருக்கிற நீளமான பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்க."

தட்டும் சத்தம் கேட்டது.

"நின்னுட்டுது," என்றார் அக்கா.