தரைக்கு வராத மக்காச்சோளம்

உமாத்தாக் ஊரில் இக்னாசியோ நாபுத்தி விதைத்த மக்காச்சோளம் தரைக்கு ஒரு சாண் மேலே முளைத்தது. அந்த வருஷம் குவாம் தீவில் மீன்பாடும் சுமார்தான். நெல்லையும் ஈரப்பலாவையும் புயல் வாரிக்கொண்டு போயிருந்தது. மகன் பாஸ்குவாலுக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்தான் பந்தி போடவேண்டும். பந்தி இல்லையென்றால் பெண் வீட்டாரான மெரிசோ ஊர்க்காரர்கள் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த மாலுமி ஒருவனுக்கு இளநீர்க் குலைகள் கொடுத்து வாங்கிய அந்த ஒரு கூடை விதையைத்தான் இக்னாசியோ மலைபோல நம்பியிருந்தார்.

வேர்கள் காற்றில் ஆடின. அடியில் கோழிகள் நிழலுக்குப் படுத்தன. இக்னாசியோ ஒவ்வொரு வேரையும் சிரட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்தார். முளையடித்து ஆட்டைப்போலக் கட்டியும் பார்த்தார். செடி அதுபாட்டுக்கு வளர்ந்தது, கதிர்தான் பிடிக்கவில்லை. பாதிரியார் வந்து, ஸ்பெயின் அரசர் பெயரால் கீழே இறங்கும்படி கட்டளையிட்டார். இன்னொரு சாண் ஏறியது.

"ஏய்யா, ஆலமரத்துப் பெரியவங்ககிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தானே காட்டுல இறங்கின?" என்றாள் மனைவி ருஃபீனா.

"கேக்காம இறங்குவேனா? செத்துப்போன நம்ம ஆளுங்கதானே அங்க இருக்காங்க!"

"உனக்குக் கேட்ட. இதுக்கு யாரு கேட்டது? பாவம், மரியாதை தெரிஞ்ச பயிரு. வான்னு ஒருத்தரும் சொல்லாம எப்படிக் காலை வைக்கும்?"

இக்னாசியோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆலமரத்தோடு பேசினால் பிரம்படி என்று பாதிரியார் சொல்லியிருந்தார். கல்யாணத்தைவிடப் பிரம்பு பெரிதா என்று பட்டப்பகலிலேயே போய் நின்றார். "பெரியவங்களே, ஊருக்குப் புதுசு. கொஞ்சம் கால் ஊன்ற விடுங்க."

மொத்தச் சோளக்காடும் தொப்பென்று தரையில் இறங்கியது. அடியில் படுத்திருந்த ஒரு கோழி மட்டும் தப்பவில்லை. அதையும் பந்திக்கு வைத்துக்கொண்டார்கள்.

கதிர் முற்றியது. ருஃபீனா சோளத்தை அம்மியில் அரைத்து ரொட்டி சுட்டாள். மெரிசோக்காரர்கள் வயிறாரத் தின்றுவிட்டுப் பெண்ணை விட்டுப்போகச் சம்மதித்தார்கள். அப்போதுதான் பாதிரியார் பிரம்போடு வந்தார். வாசனை ஆளை இழுக்க, முதலில் ஒரு ரொட்டி சாப்பிட்டார். கால் தரையைவிட்டுக் கிளம்பியது. இரண்டாவதைத் தின்றதும் பிரம்பு கைநழுவிக் கீழே விழுந்தது. அவரோடு வந்த கோட்டைச் சிப்பாய்களும் பக்கத்தில் மென்றபடி மிதந்துகொண்டிருந்தார்கள்.

"நாபுத்தி," என்றார் பாதிரியார் மேலேயிருந்து, குரலைத் தாழ்த்தி. "அந்தப் பெரியவங்ககிட்ட எங்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"பந்தி முடியட்டும் சாமி," என்று இக்னாசியோ அவருக்கு இன்னொரு ரொட்டியை எட்டிக் கொடுத்தார்.