அப்பா எங்க?

புஷ்பவள்ளி குழந்தையை வாசற்படியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பி நடந்தாள். உள்ளே வரவில்லை. ஆயா பிச்சையம்மாள் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ரமணி அந்தக் கையைப் பிடிக்காமல் ஓரமாகவே நடந்து போய், பரணில் சார்த்தியிருந்த ஏணியின் அடியில் உட்கார்ந்துகொண்டது. தினமும் அங்கேதான் உட்காரும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே பல்லி ஓடுகிறதோ எலி ஓடுகிறதோ என்று பிச்சையம்மாளும் விட்டுவிட்டாள். மற்ற பெண்களும் ஆளுக்கொன்றாய்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சீந்துவாரில்லை. பால் வெட்டிய கைகளெல்லாம் இப்போது கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தன.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அது. தாய்மார்கள் வேலைக்குப் போயிருக்கும்போது பிள்ளைகளை வைத்துக்கொள்ளத் துரை காலத்தில் கட்டிய ஆயாக்கொட்டகை. தொட்டிலை ஆட்டுவதும் கஞ்சி ஊற்றுவதும்தான் ஆயாவின் வேலை. ஆனால் அந்த நாளில் பிச்சையம்மாளுக்கு வாய் சும்மா இருந்தால்தானே! புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், வயிற்றில் ஒன்றும் தங்காதவள். லயத்து வரிசைவீட்டில் தன் அறைக்குப் போனால் பேச ஓர் ஆள் கிடையாது. அதனால் அங்கே பேச முடியாததையெல்லாம் சேர்த்து இங்கே பேசினாள். "காக்கா எங்க? கோழி எங்க? லாம்பு எங்க?" என்று கேட்பாள். குழந்தை விரலை நீட்டிவிட்டால் போதும், லாட்டரி விழுந்த மாதிரி கை தட்டுவாள். தட்டிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லுவாள். அடுத்த மாதத்தில் குழந்தையும் சொல்லும். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்கு முதல் சொல் வந்தது அவள் மடியில்தான். "ஆயாம்மாகிட்ட வளந்த பிள்ளைக்கு நான் புதுசா ஒன்னும் செய்ய வேணாம், வரும்போதே வாயத் தொறந்துக்கிட்டு வருது" என்று தோட்டத்துப் பள்ளி வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று அவள் ராத்திரிச் சோறு சாப்பிட மறந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த விளையாட்டுதான் வினையாக முடிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடிக்கும் லாரி தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தது. புஷ்பவள்ளியின் புருஷன் மணியம் ஒளிய இடமில்லாமல் கொட்டகைக்கு வந்து நின்றான். தொட்டில்களுக்கு நடுவே எவன் வந்து தேடப்போகிறான் என்று பிச்சையம்மாள்தான் அவனைப் பரணில் ஏற்றினாள். கோணிச்சாக்குகளுக்குப் பின்னால் அவன் பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். ரமணிக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. குழந்தை சிணுங்கினால் அவள் மெல்ல, "அப்பா எங்க?" என்பாள். விரல் பரணைக் காட்டும். சாக்கு விலகி மணியத்தின் முகம் எட்டிப் பார்க்கும். குழந்தை சிரிக்கும், அவள் கை தட்டுவாள். புத்திகெட்ட வேலை என்று அப்போது தோன்றவில்லை. அந்தக் கொட்டகையில் அப்போது இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

லாரி வந்த அன்று ஜப்பான்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கங்காணி மட்டும் உள்ளே வந்தான். அவன் பிள்ளைகளும் இங்கே வளர்ந்தவைதான். எங்கும் தேடவில்லை. ரமணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தேன் ஒழுகும் குரலில், "பாப்பா, அப்பா எங்க?" என்றான்.

விரல் உயர்ந்தது. உயர்த்திய விரலோடு குழந்தை, கை தட்டுவதற்காக ஆயாவைத் திரும்பிப் பார்த்தது.

மணியத்தை இழுத்துப் போனபோது யாரும் பிச்சையம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றிலிருந்து புஷ்பவள்ளி வாசற்படியைத் தாண்டவில்லை. பிச்சையம்மாளும் விளையாட்டை விட்டாள், பாட்டை விட்டாள். எந்தக் குழந்தை குரல் எழுப்பினாலும் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பிள்ளைகள் அதையும் கற்றுக்கொண்டன, சொல்லிக்கொடுத்தது எதுவானாலும் கற்றுக்கொள்கிற வயசு. லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கொட்டகை மூச்சடங்கிவிடும். "ஆயாம்மா பிள்ளைங்க தங்கமா இருக்குங்க" என்று பெண்கள் மெச்சினார்கள். அந்தத் தங்கங்களுக்கு நடுவே அவள் பகலெல்லாம் தொட்டில் கயிறு கிரீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு தனிமை இருக்குமென்று அவளுக்கு முன்பு தெரியாது.

மற்ற பிள்ளைகள் லயத்தில் அண்ணன் அக்காக்களிடமாவது பேச்சைப் பொறுக்கிக்கொண்டன. ரமணிக்கு வீட்டில் இருந்தது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் தாய் மட்டும்தான். இருந்த ஒன்றிரண்டு சொற்களும் போய்விட்டன.

ஒரு நாள் சாயங்காலம் புஷ்பவள்ளி படிக்கு வெளியே நின்றபடி சொன்னாள்: "நாலு வயசு ஆவப்போவுது ஆயாம்மா. அம்மான்னுகூட கூப்புட மாட்டேங்குது. ஊமையா போயிருமா?"

"போவாதுமா" என்றாள் பிச்சையம்மாள். குரல் அவளுக்கே நம்பிக்கை தரவில்லை. மறுநாள் ரமணியை மடியில் வைத்துக்கொண்டு, "காக்கா எங்க?" என்று கேட்க வாயெடுத்தாள். குழந்தை சட்டென்று தன் பிஞ்சு விரலை ஆயாவின் உதட்டில் வைத்து அழுத்தியது. அவள் அப்படியே அழுதாள், சத்தமில்லாமல்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்து சில மாதங்கள் கழித்து ஒரு லாரி வந்தது. சத்தம் கேட்டதும் கொட்டகை வழக்கம்போல அடங்கியது. வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான், காலில் துணி சுற்றியிருந்தது.

"ஆயாம்மா" என்றான். குரலை வைத்துத்தான் மணியம் என்று தெரிந்தது. பின்னால் புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரமணி ஏணிக்குப் பின்னால் ஒண்டியிருந்தது, உதட்டில் விரல். "பாப்பா, அப்பா வந்திருக்கேன்" என்று அவன் கை நீட்டினான். குழந்தை இன்னும் பின்னுக்கு நகர்ந்தது.

மணியம் பிச்சையம்மாளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நீங்க கேளுங்க ஆயாம்மா. அந்த வெளையாட்டுதான். சயாம்ல அதத்தான் நெனச்சிக்கிட்டு கெடந்தேன்."

"என்னால முடியாதுப்பா. அந்த வார்த்த என் வாயில வராது."

புஷ்பவள்ளி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வந்தாள். ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேளுங்க" என்றாள்.

பிச்சையம்மாள் ஏணிப் பக்கம் திரும்பினாள். "பாப்பா... அப்பா எங்க?"

ரமணி அவளை வெகுநேரம் பார்த்தது. உதட்டிலிருந்து விரல் மெல்ல விலகியது. நீண்டது. வாசலில் நின்றவன் பக்கம் அல்ல, மேலே, பரணை நோக்கி. பிறகு, காட்டிவிட்டேனே என்பதுபோல, ஆயாவின் கைகளைப் பார்த்தது.

மணியம் பரணை அண்ணாந்து பார்த்தான். பிறகு ஏணியைப் பிடித்து, துணி சுற்றிய காலை முதல் படியில் வைத்தான். வலியில் முகம் கோணியது. ஒவ்வொரு படியாக ஏறி இருட்டுக்குள் போனான். மேலே பழைய சாக்குகள் சரசரத்தன, தூசி உதிர்ந்தது. குழந்தை தலையை நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. பிச்சையம்மாள் இரண்டு கைகளையும் விரித்து, தட்டாமல், வைத்திருந்தாள்.