சொந்தக்காரர் இல்லாத நிழல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகையிலிருந்து சுட்டது. பேருந்துக்காகக் கால் கடுக்க நின்றபோது எதிரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படம். இன்னும் கட்டி முடியாத வீடு, கம்ப்யூட்டரில் செய்த படம். புல்வெளி, பூ, பந்தோடு ஒரு குழந்தை. புல்வெளி ஓரத்தில் பெரிய சதுர நிழல். அந்த நிழலைப் போட்ட பொருளைப் படம் முழுக்கத் தேடினேன், இல்லை. பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தி வெயில் அவள் கூந்தலில் பொன்னாக..." சேச்சே. யார் கூந்தல், என்ன பொன்?

அடுத்து: "கட்டடக்கலை என்பது ஒளிக்கும் வெளிக்கும் இடையே நிகழும்..." எனக்கே கொட்டாவி வந்தது.

2

அந்தப் படத்தைச் செய்தவளுக்கு அலுவலகத்தில் பட்டப்பெயர் வெயில்காரி. கட்டட வரைபடங்களை அச்சு அசல் புகைப்படம் மாதிரி ஆக்குவது அவள் வேலை. திரையில் சூரியனை ஏற்றுவாள், இறக்குவாள். வெளிச்சத்தில் கொஞ்சம் மஞ்சள் கூட்டுவாள், தூரத்து மரங்களை லேசாக மங்கலாக்குவாள், கடைசியாக மேஜைமேல் கோப்பையில் ஆவி. (ஆவி பறக்காவிட்டால் வீடு விற்காது என்பது அவள் முதலாளியின் கண்டுபிடிப்பு.)

அந்தக் குடியிருப்புக்கு மேற்கே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. (இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். அந்தக் கட்டடத்தைத் தாங்கி நிற்பது இது ஒன்றுதான்.)

"அதைத் தூக்கிடும்மா," என்றார் முதலாளி.

"சார், அது நெஜமாவே இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன இடிக்கவா சொன்னேன்? கண்ணுக்குத் தெரியாம பண்ணு, போதும்."

பண்ணினாள். ஆனால் அவள் கம்ப்யூட்டரில் ஒரு பொருளை மறைப்பது வேறு, அதன் நிழலை மறைப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே அணைக்க வேண்டும். படுக்கையறைப் படத்தில் இரண்டையும் அணைத்தாள். புல்வெளிப் படத்தில் நிழலை விட்டுவிட்டாள். மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று கேட்டேன். காது கேட்காத மாதிரி ஆவியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

3

வெயில்காரியின் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க ஆபீஸ் படம் பாத்தேன். மூணாவது மாடி பெட்ரூம்! சாயங்கால வெயில் கட்டில் வரைக்கும் வருதுடி! உங்க மாமாவும் சரின்னுட்டார். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடறோம்."

அக்கா இப்போது இருப்பது பகலிலும் விளக்கெரியும் கீழ்வீடு. சுவரெல்லாம் ஓதம். துணி காய்வதற்குள் வாடை வந்துவிடும், பிள்ளைக்கு இருமல் விட்டபாடில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் ஆசைப்பட்டது வெயில் ஒன்றுக்குத்தான். அதற்காக இருப்பதையெல்லாம் வழித்துப் போடப்போகிறாள். அதுவும் தங்கை தன் கையால் செய்த வெயிலுக்கு.

(முதல் வரைவில் அக்காவைக் கொஞ்சம் அசடாக எழுதியிருந்தேன். தப்பு. வெயில் வேண்டும் என்பவள் எப்படி அசடாவாள்?)

4

வெயில்காரி ஒன்பது மாடியை மறுபடி எழுப்பி, அதே அறையை அதே சாயங்காலத்தில் படமாக்கி அனுப்பினாள். மஞ்சள் கூட்டவில்லை, ஆவிகூட வைக்கவில்லை. அறை இருண்டு கிடந்தது. உடனே போன்.

"என்னடி இது, இருட்டடிச்சு வெச்சிருக்க? நான் நல்ல வீட்டுக்குப் போறது உனக்கு வயித்தெரிச்சலா?"

"அக்கா, இதுதான் நெஜம்."

"அப்ப அது?"

"அது... அதுவும் நான் செஞ்சதுதான்."

"ரெண்டும் நீ செஞ்சதுதானே? எனக்குப் பிடிச்சதை நான் நம்பிக்கிறேன், போ!"

வியாழக்கிழமை சாயங்காலம் வெயில்காரி அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு விளம்பரப் பலகை முன்னால் நிறுத்தினாள்.

"புல்லுல கறுப்பா ஒண்ணு இருக்கே, என்ன அது?"

"நிழல். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"எதோட நிழல்?"

அக்கா மரத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், வானத்தையும் பார்த்தாள். பிறகு, "வா, அந்த வீட்டுக்கே போய்ப் பாத்துடலாம்," என்று விறுவிறுவென்று நடந்தாள்.

5

மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு இன்னும் சட்டமில்லை, தரையெல்லாம் சிமெண்டுத் தூசி. படத்தில் வெயில் விழுந்த இடத்தை மனக்கணக்காகப் பிடித்து, அக்கா அங்கே நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. அக்கா வீட்டை வாங்கிவிடுகிறாள். தங்கை செய்த படத்தைப் பெரிதாக அச்சடித்து அதே சுவரில் மாட்டிக்கொள்கிறாள். (எனக்குப் பிடித்தது. வெயில்காரி முறைத்தாள்.) முதலாளி மனம் திருந்தி... (நானே சிரித்துவிட்டேன்.) அக்கா தங்கையிடம் பேச்சை நிறுத்திக்கொண்டு... வேண்டாம், எழுத மனசு வரவில்லை.

அக்கா இன்னும் கையை நீட்டியபடி நிற்கிறாள். எனக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது, ஒளிப்பானேன்? இரண்டாம் பகுதியில் அந்த ஒரு வாக்கியத்தை அடித்தால் போதும், உள்ளங்கையில் வெயில் விழுந்துவிடும். பேனாவைத் திறந்தேன்.

"தாராளமா அடிங்க," என்றாள் வெயில்காரி. "ஆனா முதல் பகுதியில நிழல் இருக்கே, அதை என்ன பண்ணுவீங்க?"

மூடிவிட்டேன். இந்தாருங்கள், பேனா உங்களிடமே இருக்கட்டும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.